கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது

பெங்களூருக்குப் போகிறேன் என்றதும் தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கோ, லால்பாக் பாரு, வரும்போது பேக்கரியில தில்பசந்த் வாங்கிட்டு வா. செத்துப்போன புருஷனுடைய மூளையைப் பற்றிப் பேச ஒரு டாக்டரம்மா கூப்பிட்டிருக்கிறார் என்று சொன்னால் இவர்கள் மூஞ்சி எப்படிப் போகும்! "ஆமாமா, லால்பாக் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன்.

கடிதத்தில் இருந்தது ஒரே வரிதான். 'உங்கள் கணவருக்கு நோய் தொடங்கிய காலம் பற்றி நேரில் சில விவரங்கள் தேவை.' அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது பொய்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம், தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் பின்கோடு சொல்வார். ஐம்பது வயதைத் தாண்டியதும் மறதி நோய் வந்தது. அல்சைமர் என்று அப்புறம் பெயர் சொன்னார்கள். கடைசி இரண்டு வருஷம் பெங்களூரில் அவர் தங்கை வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தோம். போன பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். கொடுத்தேன். கூடவே ஒரு படிவம் தந்தார்கள். 'நோய் எப்போது ஆரம்பித்தது?' என்ற கேள்விக்கு, 'மகள் கல்யாணத்துக்கு அப்புறம்' என்று எழுதினேன். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னாலேயே ஆரம்பித்தது எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தி வீட்டில், "தலை சம்பந்தமான வியாதி யாருக்காவது உண்டா?" என்று கேட்டபோது, சாமி சத்தியமாக இல்லை என்று சொல்லியிருந்தேனே. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? இப்போது என் மகள் கயலுக்கு ஏழாம் மாசம். நான் வாயைத் திறந்தால் அவள் வாழ்க்கை என்ன ஆகும்?

பகல் ரயிலில் ஜன்னல் சீட்டு. காட்பாடியில் ஏறிய வடை நன்றாக இருந்தது, ஜோலார்பேட்டையில் ஏறிய வடை சகிக்கவில்லை. பங்காரப்பேட்டை தாண்டியதும் காற்று மாறியது. சென்னையில் அந்த நேரத்துக்கு முதுகில் வியர்வை ஒழுகும். இங்கே என்னடா என்றால் கையில் முடி சிலிர்த்தது. குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நாத்தனார் வீடு இருக்கிற பிரேசர் டவுன் கூப்பிடு தூரம். ஆட்டோக்காரர் அல்சூர் தமிழர், மூக்கால் பேசினார். "எல்லாத்தையும் ஒன்வே ஆக்கிட்டாங்கம்மா, நானே பேஜாராயிடறேன்" என்று சொல்லிச் சொல்லி ஒரே சர்ச்சை மூன்று தடவை சுற்றினார். சர்ச்சுக்கு எதிரே ஒரு வீட்டு கேட்டில் பெரியவர் ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை என்னைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். இரண்டாம் தடவையும் அதே சிரிப்பு, புதுசாகப் பார்க்கிறமாதிரி. மூன்றாம் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வேற வழியே கெடையாதாய்யா உனக்கு?" என்று ஆட்டோக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் பயந்துவிட்டார்.

நாத்தனார் ரஞ்சிதம் வாசலிலேயே நின்றாள். கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்து, இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் வாயில் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும்.

"வாங்க அண்ணி, ஊட்டா ஆச்சா, சாப்பிட்டீங்களா? ஸ்வல்ப களி தின்றீங்களா, கறிக்கொழம்பு இருக்கு."

கேழ்வரகுக் களியும் கறிக்குழம்பும் அவள் கையில் அமிர்தம். மறுநாள் வாங்கித் தந்த ஓட்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சாம்பாரில் வெல்லம் போடுகிற ஊர் இது.

என்னை அவர் இருந்த அறையில்தான் படுக்க வைத்தாள். ஒரு வருஷம் ஆகியும் எதையும் மாற்றவில்லை. 'கதவு', 'ஜன்னல்', 'தண்ணீர்' என்று சீட்டு எழுதி ஒட்டியது அப்படியே இருந்தது. அலமாரிக் கண்ணாடியை முழுசாகச் செய்தித்தாளால் மூடி ஒட்டியிருந்தாள். காரணம் எனக்குத் தெரியும். கண்ணாடிக்குள் இருக்கிற ஆள் தன் சட்டையைத் திருடிப் போட்டிருக்கிறான் என்று அவர் சண்டைக்குப் போவார்.

"கிழிச்சிப் போட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"கைய வெச்சேன் அண்ணி. உள்ள யாரோ இருக்கிற மாதிரியே இருந்திச்சு. சும்னே விட்டுட்டேன்."

இவளுக்கு எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுதான் என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் விடிந்து தலை வாரும்போது நானும் அதைக் கிழிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்கூடம் ஒரு பழைய கல் கட்டடத்தில் இருந்தது. மரங்கள் வெயிலை உள்ளேயே விடவில்லை. டாக்டர் மைதிலிக்கு நாற்பது வயதிருக்கும். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். கண்டிப்பான ஆளாக இருப்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவரோ எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தன் காபியில் பாதியை எனக்கு ஊற்றினார்.

"உங்களை இவ்ளோ தூரம் வரவெச்சதுக்கு ஸாரிம்மா. போன்ல பேசற விஷயம் இல்ல இது."

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிகிறமாதிரி சொன்னார். மூளைக்குள் காவல்கார செல்கள் இருக்கின்றனவாம். மைக்ரோகிளியா என்று பெயர். "வாட்ச்மேன்னு வெச்சுக்கோங்க. கிருமி வந்தா விரட்டணும், குப்பை சேர்ந்தா அள்ளணும். இந்த நோய்ல ஒரு விதமான குப்பை சேர்ந்துகிட்டே போறது. அள்ளி மாளல. வாட்ச்மேனுக்கு வெறி பிடிச்சிடறது. அப்புறம் வீட்டு ஆளையே அடிக்க ஆரம்பிச்சிடறான். அந்த வெறியைத்தான் நாங்க அழற்சின்னு சொல்றோம். வெளியில அடிபட்டா வீங்கறதில்லையா, அது மாதிரி, ஆனா உள்ளுக்குள்ள. வலிக்காது. வருஷக்கணக்கா நடக்கும், ஒருத்தருக்கும் தெரியாது."

"பார்க்கறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தலை என்னவோ ஆமாம் என்று ஆடியது.

போகிற வழியில் ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் அலமாரி. அலமாரி நிறைய மூடி போட்ட வெள்ளை வாளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். கல்யாண வீட்டில் சாம்பார் வாளி அடுக்கியிருப்பார்களே, அதேதான். வாசனை மட்டும் மூக்கைக் குத்தியது. மூளையை மருந்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிடுவார்களாம். வாளியின் தரையில் பட்டால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடுமாம். எங்கோ ஒரு மூடி டக்கென்று ஒலித்தது. "குளிருக்கு பிளாஸ்டிக் சுருங்கும்மா" என்றார் டாக்டர். எந்த வாளி இவருடையது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாளியையும் தாண்டும்போது செருப்புச் சத்தம் வராமல் நடந்தேன். கூட வந்து தோளில் கை போட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வரும்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். வெளிர் நீலத்தில் பழுப்புப் புள்ளிகள், கொத்துக் கொத்தாக. நல்ல வாட்ச்மேனுக்குக் கால்கள் சிலந்திக் கால் மாதிரி மெலிசாக நீண்டிருக்குமாம். வெறி பிடித்ததும் உடம்பு தடித்து, கால் குட்டையாகிவிடுமாம். இவருடையதில் மெலிசான கால் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவரை இப்படியா பார்க்கணும்! கண்ணை எடுத்த பிறகும் அந்தப் பழுப்பு சுவரில் தெரிந்தது.

"இங்கதான் என் சந்தேகம். மூணே வருஷம் இருந்த நோய்ன்னு படிவம் சொல்றது. இவ்ளோ சேதம் மூணு வருஷத்துல வராதும்மா. ஆனா ஒருவேளை வந்திருந்தா? அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமில்லையா? அதை நான் கண்டுபிடிச்சிட்டேன்னு நெனைக்கறேன்."

மேஜையிலிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்தார். மேலே பெயர் தெரியாமல் காகிதம் ஒட்டியிருந்தது. "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், ஸ்கூல்ல கன்னடம் படிச்சேன். இங்க இருந்த ஒரு பொண்ணு சுருக்கமா சொல்லித்தான் கேட்டிருக்கேன். அந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை படிங்களேன்."

படித்தேன். 'பெரிய மகள் திருமணம் முடிந்த பிறகு.' அடுத்தது. 'பையன் கல்யாணத்துக்குப் பிற்பாடுதான் ஆரம்பம்.' அடுத்தது, பென்சில் எழுத்து. 'கல்யாணம் வரை நல்லா இருந்தாங்க.' அதற்கடுத்தது. 'பொண்ணை அனுப்பி வைத்த ஆறாம் மாதம்.' வேறு வேறு கை, வேறு வேறு மை. ஏழாவதோ எட்டாவதோ புரட்டினேன், என் கையெழுத்து. 'மகள் கல்யாணத்துக்கு அப்புறம்.' என் குரலே எனக்கு வேறு யாரோ படிக்கிறமாதிரி கேட்டது.

டாக்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பார்த்தீங்களா! நம்ம ஊர்க் கல்யாணம்னா மாசக்கணக்கா தூக்கம் இல்ல, அலைச்சல், கவலை. அந்த அதிர்ச்சி உடம்புல அழற்சியைக் கிளப்பி, மூளைக்குள்ள தீ வெச்ச மாதிரி வேகமாக்கிடறது. இதுதான் என் கட்டுரை. அடுத்த வாரம் அனுப்பறேன். இது சரின்னா, கல்யாண வீட்டுப் பெரியவங்களுக்கு முன்னாடியே அழற்சியைக் குறைக்க மருந்து கொடுத்துப் பார்க்கலாம். உங்க வீட்டுக்காரர்தான் முக்கியமான ஆதாரம்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரிக் குடும்பங்கள் உண்மையைச் சொல்றதாலதான்மா இந்த வேலை நடக்கறது."

அந்தப் படிவம் அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. ஆனால் எல்லாரும் அதே வாக்கியத்தை எழுதியிருக்கிறோம். வேறென்ன எழுதுவோம்? சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்திடம்கூட மறைத்திருக்கிறோம். "தலைவலிக்குது, நாளைக்கு வர்றேன்" என்று எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

வெளியே வந்து ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறினேன். போர்டு எல்லாம் கன்னடம். பிரேசர் டவுன் போகும் என்று நினைத்தது மல்லேஸ்வரத்தில் கொண்டுபோய் விட்டது. சரி, வந்தது வந்தோம் என்று நின்றுகொண்டே ஒரு காபி குடித்தேன். காபியில் இந்த ஊரைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். எதிரே ஒரு கல்யாண மண்டபம், வாழை மரம், நாதஸ்வரம். என் கால் தானாக உள்ளே போயிற்று. யாரும் தடுக்கவில்லை. பட்டுப்புடவை கட்டாமல் வந்த ஏதோ சொந்தம் என்று நினைத்திருப்பார்கள்.

மேடையில் தாரை வார்க்கிற நேரம். பெண்ணைப் பெற்றவர் வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நின்றார். நிறைய சிரித்தார். தேவைக்கு மேலேயே சிரித்தார். அவர் பின்னால் மனைவி ஒட்டி நின்று காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தம்மா உதடு அசையும், அவர் கை அசையும். தண்ணீர்ச் செம்பை எடுங்க என்றிருக்கலாம். தாம்பூலத்தைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம். அவர் கூட்டத்துக்குள் பார்வையை ஓட்டினார், என் மேல் வந்து நின்றது. தெரிந்தவளைப் பார்த்தமாதிரி தலையசைத்தார். பின்னால் நின்ற அந்தம்மா என்னை முறைத்தார். அந்த முறைப்பை எனக்குத் தெரியும். நானே ஊர்ப்பட்ட பேரை அப்படி முறைத்திருக்கிறேன்.

கயல் கல்யாணத்தில் நான் அப்படித்தான் நின்றேன். விடிகாலையிலிருந்து இவர் பின்னாலேயே. கும்பிடுங்க, செம்பைப் பிடிங்க, சிரிங்க. தாரை வார்க்கும்போது திரும்பி என்னைக் கேட்டார், "யாரு வீட்டுக் கல்யாணம்? பொண்ணு லட்சணமா இருக்குதே" என்று. நாதஸ்வரச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. "நல்லா இரும்மான்னு சொல்லுங்க" என்று அவர் முதுகில் கிள்ளினேன். சொன்னார். கயல் அழுதாள். அப்பா என்னை ஆசீர்வாதம் பண்ணினார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் நான் பிடுங்கவேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் ரஞ்சிதத்திடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். உட்காரக்கூட இல்லை.

"நான் எழுதினது பொய்ம்மா. கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே அவருக்கு வந்திருச்சு. என்னுது மட்டுமில்ல, நேத்து படிச்சேனே, எல்லாமே பொய்தான். கல்யாணத்தால வியாதி வரல. கல்யாணத்துக்காக வியாதிய மறைச்சோம்."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

"நாலு வருஷம்" என்றார் கடைசியில். "நாலு வருஷமா இதை எழுதறேன்." அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு புதுப் படிவம் எடுத்தார். "கட்டுரை போனா போகட்டும். தப்பான ஆளுங்களுக்கு மருந்து போயிருக்கும், அது தப்பிச்சுது. ஆனா உங்க பொண்ணுக்கு நீங்க சொல்லணும்மா. இவ்ளோ சின்ன வயசுல வந்திருக்குன்னா பரம்பரையா வர வாய்ப்பு உண்டு, அவங்க டாக்டருக்குத் தெரியறது நல்லது. கட்டாயமில்ல. வேற யாருக்கும் இங்கேருந்து ஒரு வார்த்தை போகாது."

வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றால் எனக்குத் தைரியம் போய்விடும். "இங்கேர்ந்தே பேசட்டுமா?" என்றேன். டாக்டர் போனை என் பக்கம் நகர்த்தினார்.

கயல்தான் எடுத்தாள். "என்னம்மா, ஊரெல்லாம் சுத்திப் பார்த்தியா?"

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மறைத்தது, சத்தியம் பண்ணியது, முதுகில் கிள்ளியது, எல்லாம். "நான் உன்னை ஏமாத்திட்டேன் கண்ணு. கல்யாணத்தன்னிக்கு உங்கப்பாவுக்கு உன்னை யாருன்னே தெரியல" என்று சொல்லும்போது எனக்கு அழுகை முட்டியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாளோ என்று பதறிப்போய், "கயல்! கயல்!" என்று கத்தினேன்.

"இருக்கேன்மா" என்றாள். "எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஆனா மூணு வருஷம் முன்னாடின்னு சொல்றியே, அது தப்பும்மா. அதுக்கும் மூணு வருஷம் முன்னாடி, நான் பத்தாவது படிக்கறப்பவே ஆரம்பிச்சிருச்சு. டியூஷன் விட்டு வந்தா அப்பா தெருமுனைல நிப்பார். எனக்காக வந்து நிக்கறார்னுதானே நெனச்சே? எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம நிப்பாரும்மா. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன். எத்தனையோ நாள்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அப்பா சொல்லவேணாம்னார். அம்மாக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவான்னார். கடைல வாங்க வேண்டியத எழுதிக் கொடுத்து அனுப்புவேன். ஆபீஸ் பஸ் நம்பர உள்ளங்கைல எழுதி விடுவேன். அப்பவும் நீ சத்தம் போட்டே, ஆனா அது மறதிக்குத்தானே, வியாதிக்கு இல்லையேன்னு அவருக்கு ஒரு நிம்மதி."

மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை, நானே சொல்லிக்கறேன் என்றாள். அழவில்லை. உடம்பைப் பார்த்துக்கோ, வெறும் வயிற்றோடு அலையாதே என்று எனக்குத்தான் புத்தி சொன்னாள். போனை வைத்து டாக்டர் பக்கம் நகர்த்தினேன்.

டாக்டர் புதுப் படிவத்தில் பேனாவை வைத்தபடி காத்திருந்தார். "நான் சொன்ன வருஷமும் தப்பும்மா" என்றேன். "இன்னும் மூணு வருஷம் பின்னால போங்க. அவ சொல்றதுதான் சரி." அவர் ஆச்சரியப்படவில்லை. "மூளை சொல்றதும் அதைத்தாம்மா" என்று எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே பகல் ரயிலில் கிளம்பிவிட்டேன். கயலுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போன அந்த மூன்று வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம் என்றுதான் இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தேன். மாடி கட்டினோம், கொடைக்கானல் போனோம், அவருக்கு ஆபீஸில் மாலை போட்டார்கள். குடையைத் தொலைத்தார், திட்டினேன். ஒரே நாளில் இரண்டு தடவை கத்திரிக்காய் வாங்கி வந்தார், திட்டினேன். கொடைக்கானலில் ரூம் வழி தெரியாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார், நாலு பேர் முன்னால் திட்டினேன். பங்காரப்பேட்டையிலிருந்து அந்த மூன்று வருஷத்தையும் ஒவ்வொரு நாளாகத் துழாவிக்கொண்டே வந்தேன், அவரை நான் சத்தம் போடாத நாள் ஒன்றாவது ஞாபகம் வராதா என்று. பெரம்பூர் வந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை.